பச்சைமண் காக்கும் செல்கள்

நுழையும்முன்

மூளை தனக்கு வேண்டிய குருதிநாளங்களைத் தானே தோற்றுவிப்பதில்லை. வெளியிலிருந்து வரும் நாளங்களை உள்ளே அழைத்து, வழிகாட்டி, தனக்கேற்ற இயல்புடையனவாக மாற்றிக்கொள்கிறது. கருவிலேயே தொடங்கும் இப்பணியில் கிளியா செல்களின் பங்கு எத்தகையது, அப்பணி முடியுமுன் பிறந்துவிடும் குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்துள்ள விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயரை உடையது. கோயிலால் புகழ்பெற்ற இவ்வூர் கடந்த நூற்றாண்டில் பீங்கானாலும் அறியப்படலாயிற்று. அண்டையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தை அகழும்போது களிமண்ணும் கிடைக்கிறது. அம்மண்ணைக் கொண்டு மின் உருகிக் கட்டைகளும் அகல் விளக்குகளும் பொம்மைகளும் செய்யும் சிறுதொழிற்கூடங்கள் இங்கு வளர்ந்தன. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் கல்வி நிறுவனமும் இவ்வூரில் உண்டு.

பொம்மை செய்யும் முறை எளியதாகத் தோன்றும். களிமண்ணை நீரோடும் வேறு சில கனிமப் பொடிகளோடும் கலந்து குழம்பாக்குவர். அக்குழம்பைப் பாரிஸ் சாந்தினால் ஆன அச்சுக்குள் ஊற்றுவர். அச்சு, குழம்பிலுள்ள நீரை மெல்ல உறிஞ்சும். உட்சுவரை ஒட்டிய மண் இறுகி ஓர் ஏடாகப் படியும். போதிய தடிமன் வந்ததும் எஞ்சிய குழம்பை வடித்துவிட்டு, சிறிது நேரம் கழித்து அச்சைப் பிரிப்பர். அப்போது உருவம் வந்திருக்கும், உறுதி வந்திராது. உலர்ந்து, சூளையில் வெந்த பின்னரே அது பீங்கான். அதுவரை அது பச்சைமண். இலக்கியத் தமிழில் கூறினால் பசுமட்கலம். விரல் அழுந்தினால் குழியும். விரைந்து உலர்ந்தால் வெடிக்கும். அச்சை முந்திப் பிரித்தால் சரிந்துவிடும்.

பிறந்த குழந்தையைப் ‘பச்சைமண்’ என்று குறிப்பிடுவது தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கு. பரிவினால் எழுந்த சொல்தான் அது. ஆயினும், உரிய காலத்துக்குப் பல வாரங்கள் முன்னதாகப் பிறந்த குழந்தையின் மூளையைப் பொறுத்தவரை அச்சொல் ஏறக்குறைய உடலியல் உண்மையாகவே அமைந்துவிடுகிறது. உருவம் பெற்று உறுதி பெறாத குருதிநாளங்கள் அங்கே உள்ளன. அவற்றுக்கு உறுதி தரும் பணியில் ஈடுபட்டிருந்த செல்கள் அப்பணியை இன்னும் முடிக்கவில்லை.

வெளியிலிருந்து வரும் நாளங்கள்

வளர்ந்த மனிதரின் மூளை, உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆனால், ஓய்வாக இருக்கும்போதுகூட உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. இவ்வாற்றலைச் சேமித்து வைக்கும் கிடங்கு மூளையில் இல்லை எனலாம். சில நிமிடங்கள் குருதி நின்றாலே செல்கள் மடியத் தொடங்கும். எனவே மூளையின் எப்பகுதியிலும் குருதி நுண்நாளங்கள் நெருங்கப் பின்னிக் கிடக்கின்றன. அவற்றை நீட்டி ஒன்றோடொன்று இணைத்தால் நீளம் ஏறத்தாழ 600 கி.மீ. வரும் என மதிப்பிடுவர். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் சாலையும் ஏறக்குறைய அவ்வளவே.

இத்தனை நாளங்களும் மூளைக்குள் பிறந்தவை அல்ல. மனிதக் கருவில் நான்காம் வாரம் முடியும் தறுவாயில் நரம்புக்குழல் மூடிக்கொள்கிறது. பின்னாளில் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரவிருக்கும் இக்குழலின் சுவருக்குள் அப்போது ஒரு குருதிநாளமும் இல்லை. சுவர் மெல்லியதாக இருக்கும்வரை ஆக்சிஜனும் உணவும் சுற்றுப்புறத்திலிருந்து ஊடுருவிப் பரவுவதே போதுமானது. செல்கள் பெருகிச் சுவர் தடித்ததும் அது போதாமற்போகிறது. நரம்புக்குழல் கருவின் புறப்படையிலிருந்து தோன்றியது. குருதிநாளங்களின் உட்சுவர்ச் செல்களோ நடுப்படையிலிருந்து தோன்றுபவை. ஆகவே மூளைக்கு நாளங்கள் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

நரம்புக்குழலைச் சுற்றி முதலில் ஒரு நாளவலை உருவாகிறது. சுண்டெலிக் கருவில் ஏறத்தாழ பத்தாம் நாளில், அவ்வலையிலிருந்து முளைகள் கிளம்பி உள்நோக்கித் துளைத்துச் செல்கின்றன. ஒவ்வொரு முளையின் நுனியிலும் ஒரு வழிகாட்டிச் செல் உண்டு. அது மெல்லிய விரல்கள் போன்ற நீட்சிகளால் சுற்றுப்புறத்தைத் தடவித் தடவி முன்னேறும். அதனை ஈர்ப்பது விஇஜிஎஃப் என்னும் புரதம். ஆக்சிஜன் குறையும்போது மிகுதியாகச் சுரக்கும் இப்புரதம், குழலின் உட்புறத்தை ஒட்டிய செல்களிலிருந்து வருகிறது. மணம் வரும் திசையை நோக்கி எறும்பு ஊர்வதைப் போல, புரதம் செறிந்த திசையை நோக்கி நாளமுளை வளர்கிறது. அழைப்பு உள்ளிருந்து எழுகிறது. வருகை வெளியிலிருந்து நிகழ்கிறது.

பசை என்னும் பெயர்

அழைப்பு விடுக்கும் அச்செல்கள் எவை? இதற்கு விடை காண, நீண்டகாலம் மதிக்கப்படாதிருந்த ஒரு செல் குடும்பத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

நரம்புச் செல்களுக்கு இடையே இருக்கும் பொருளை ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் ஃபிர்கோ 1850களில் ‘நியூரோகிளியா’ எனப் பெயரிட்டார். ‘கிளியா’ என்பது பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்வழி வந்தது. நரம்புச் செல்களை ஒட்டி நிறுத்தும் வெறும் நிரப்புப் பொருள் என்னும் கருத்து அப்பெயரிலேயே அடங்கியிருந்தது. பெயர் வைப்பதில் அறிவியலும் சில வேளைகளில் அவசரப்பட்டுவிடுகிறது. பசை என்று பெயர் பெற்றவற்றைப் பசைக்கு மேலானவையாகக் காண ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

கிளியா செல்கள் ஒரே வகையின அல்ல. நட்சத்திர வடிவினவாதலால் விண்மீன் செல்கள் எனத்தகும் ஆஸ்ட்ரோசைட்டுகள் ஒரு வகை. நரம்பிழைகளுக்கு உறையிடுபவை மற்றொரு வகை. மூளையின் காவலர்களாகிய மைக்ரோகிளியா செல்கள் வேறொரு வகை. ஆனால் கருமூளையில் முதன்மை வாய்ந்தவை ஆரக்கிளியா செல்களே. சக்கரத்தின் ஆரக்கால்கள் குடத்திலிருந்து வட்டை நோக்கி விரிவதைப் போல, இச்செல்கள் மூளை அறையை ஒட்டிய உட்புறத்திலிருந்து வெளிப்பரப்பு வரை நீண்ட இழைகளை நீட்டி நிற்கின்றன. புதிதாகப் பிறந்த நரம்புச் செல்கள் இவ்விழைகளைப் பற்றிக்கொண்டு, தென்னையில் ஏறுவோரைப் போல, தத்தம் இடம் நோக்கி ஏறிச் செல்வதைப் பாஸ்கோ ராகிச் 1970களில் குரங்குக் கருக்களில் விரிவாகக் காட்டினார். மரமாக நின்ற அவ்வாரக்கிளியாவே நரம்புச் செல்களை ஈன்ற தாயும் ஆகும் என்பது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உறுதியாயிற்று. இவ்விழைகள் வழிநெடுகக் குருதிநாளங்களையும் தொட்டுச் செல்கின்றன. அத்தொடுகை தற்செயலானது அன்று.

காடையும் கோழியும்

மூளையின் குருதிநாளங்கள் உடலின் பிற நாளங்களைப் போன்றவை அல்ல. பிற உறுப்புகளில் நாளச்சுவரின் செல்களுக்கு இடையே சிறு இடைவெளிகள் உண்டு. பல பொருள்கள் அவற்றின் வழியே கசிந்து செல்லும். மூளையில் அச்செல்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்துள்ளன. எது நுழையலாம், எது நுழையலாகாது என்பதை நாளச்சுவரே தெரிவு செய்கிறது. குளுக்கோசை உள்ளே கொண்டுசெல்லத் தனி வாயிற்புரதங்களும் அங்கு உண்டு. இவ்வமைப்பைக் குருதி–மூளைத் தடுப்பு என்பர்.

வெளியிலிருந்து வந்த நாளங்களுக்கு இந்தத் தனி இயல்பு எவ்வாறு வாய்த்தது? மூளைக்குச் செல்லும் நாளங்கள் பிறவியிலேயே அத்தகுதியோடு புறப்பட்டனவா, அன்றி மூளைக்குள் நுழைந்த பின் அதனைக் கற்றனவா?

இவ்வினாவுக்கு 1981ஆம் ஆண்டு ஸ்டூவர்ட், வைலி என்னும் இருவர் விடை கண்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டவை காடைக் கருவும் கோழிக் கருவும். காடைச் செல்லின் உட்கரு நுண்ணோக்கியில் தனி அடையாளத்தோடு தெரியும்; அதனால் இரண்டின் செல்களும் கலந்துவிட்டாலும் எது எவருடையது எனப் பிரித்தறியலாம். நாளங்கள் இன்னும் நுழையாத இளம் காடைக் கருவின் மூளைத்துண்டை எடுத்துக் கோழிக் கருவின் வயிற்றறைக்குள் பதித்தனர். கோழியின் வயிற்று நாளங்கள் அத்துண்டுக்குள் வளர்ந்து புகுந்தன. குடலுக்கும் வயிற்றுக்கும் குருதி கொண்டுசெல்ல வேண்டியவை அவை. மூளையை ஒருபோதும் அறியாதவை. ஆனால் மூளைத்துண்டுக்குள் புகுந்ததும் அவை மூளை நாளங்களின் இயல்பைப் பெற்றுவிட்டன. செல்கள் இறுகப் பிணைந்தன. குருதியில் செலுத்திய சாயம் வெளியே கசியவில்லை.

ஆய்வாளர்கள் அத்தோடு நிறைவடையவில்லை. தலைகீழாகவும் செய்து பார்த்தனர். நடுப்படைத் திசுவைக் கொண்டுபோய் மூளைப்பகுதியில் பதித்தபோது, அதற்குள் வளர்ந்த மூளை நாளங்கள் தடுப்பியல்பைக் காட்டவில்லை. நாளத்தின் குணம் அதன் பிறப்பினால் அமைவதன்று, அது சென்று சேர்ந்த சூழலினால் அமைவது என்பது இவ்விரு சோதனைகளாலும் விளங்கிற்று. ஒரு முடிவை அடைந்த பின் அதன் மறுபக்கத்தையும் சோதித்துப் பார்த்த அந்த ஒழுங்கினாலேயே, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இச்சோதனை மேற்கோளாக நிற்கிறது.

சூழல் பேசும் மொழி

சூழல் என்பது பொதுச்சொல். அச்சூழலில் பேசுவது யார்? விண்மீன் செல்களே என்னும் விடை முதலில் வலுப்பெற்றது. ஜான்சர், ராஃப் ஆகிய இருவரும் 1987இல் எலியின் விண்மீன் செல்களைக் கண்ணின் முன்னறையில் பதித்து, அங்கு வளர்ந்த நாளங்கள் தடுப்பியல்பு பெறுவதைக் காட்டினர். வளர்ந்த மூளையில் விண்மீன் செல்களின் பாதங்கள் நாளங்களைப் போர்வை போல் சூழ்ந்திருப்பதும் இவ்விடைக்குத் துணைநின்றது.

இவ்விடையில் காலக்கணக்கு இடித்தது. கருவில் குருதி–மூளைத் தடுப்பு உருவாகத் தொடங்கும்போது விண்மீன் செல்கள் பெரும்பாலும் பிறக்கவேயில்லை. பிறவாத ஒருவர் செய்த வேலை என்று எதையும் கூறவியலாது. எனவே பார்வை, அவற்றுக்கு முன்பே அங்கிருந்த ஆரக்கிளியா உள்ளிட்ட மூலச் செல்களை நோக்கித் திரும்பிற்று.

அச்செல்கள் சுரக்கும் விண்ட் குடும்பப் புரதங்களுள் இரண்டு, நாளச் செல்களுக்குத் தனிச் செய்தி ஒன்றை அனுப்புகின்றன என 2008இல் தெரியவந்தது. அவ்விரு புரதங்களும் இல்லாத சுண்டெலிக் கருக்களில் முன்மூளை நாளங்கள் சிதைந்து, குருதி கசிந்தது. பிற உறுப்புகளின் நாளங்கள் பழுதின்றி இருந்தன. நாளத்தை அழைக்கும் விஇஜிஎஃப் உடலெங்கும் பேசப்படும் பொதுமொழி. விண்ட் செய்தியோ மூளை தன் நாளங்களோடு பேசும் வட்டார வழக்கு எனலாம்.

எவ்வழக்கையும் ஓயாமல் பேசினால் கேட்பவர் குழம்பிவிடுவர். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென் ஹுவாங் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டியது. சுண்டெலிக் கருவின் மூளையில் நாளங்கள் நுழைந்து வலையமைத்த பின்னர் ஆரக்கிளியா செல்கள் குன்றுமாறு செய்தபோது, அமைந்த நாளங்களே பின்வாங்கி மறைந்தன. நாளச் செல்களுக்குள் விண்ட் செய்தி அளவுமீறி ஒலித்ததே அதற்குக் காரணமாயிற்று. தொடக்கத்தில் தேவைப்பட்ட செய்தியைப் பின்னர் அடக்கி வைப்பதும் ஆரக்கிளியாவின் பணியே. விருத்தாசலத்து அச்சோடு இதனை ஒப்பிடலாம். ஆனால் ஒப்புமை ஓரளவே பொருந்தும். அச்சு வாய்பேசாதது; தொடக்கமுதல் இறுதிவரை ஒரே வேலையைச் செய்வது. ஆரக்கிளியாவோ காலத்துக்கேற்பத் தன் சொல்லை மாற்றிக்கொள்ளும் அச்சு.

கிளியா செல்களின் மேற்பரப்பிலுள்ள இன்டெகிரின் என்னும் பற்றுப்புரதங்களுக்கும் இதில் பங்குண்டு. நரம்புத்திசுச் செல்களிலிருந்து குறிப்பிட்ட ஓர் இன்டெகிரினை நீக்கிய சுண்டெலிகளில் மூளைக்குள் குருதிப்பெருக்கு ஏற்பட்டது. நாளச் செல்லில் குறை ஒன்றும் இல்லை; பக்கத்துச் செல்லின் பிடி தளர்ந்ததே குறை.

மைக்ரோகிளியாவின் வரலாறு வேறு. அவை நரம்புத்திசுவில் தோன்றியவை அல்ல. கருவுணவுப்பையில் பிறந்து மூளைக்குள் குடியேறியவை. இரு நாளமுளைகள் சந்திக்கும் இடத்தில் அவை நின்று, இரண்டின் நுனிகளும் இணையத் துணைபுரிகின்றன. 2010இல் வெளியான ஆய்வொன்றில், இச்செல்கள் இல்லாத சுண்டெலிக் கருக்களின் பின்மூளையில் நாளச் சந்திப்புகள் குறைவாக இருந்தன. விஇஜிஎஃப் நாளங்களை முளைக்கச் செய்யும். முளைத்தவற்றை முடிச்சிட்டு வலையாக்க வேறு கைகள் வேண்டும்.

தரணி

இதுவரை கூறியவை பெரும்பாலும் சுண்டெலியிலும் பறவையிலும் கண்டவை. மனிதக் கருமூளையைச் செல்செல்லாகக் காண்பது எளிதன்று. அவ்வரிய பணியில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022இல் தொடங்கப்பெற்ற சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், வளரும் மனித மூளையின் முப்பரிமாண வரைபடத் தொகுப்பை 2024 டிசம்பரில் வெளியிட்டது. பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையிலான இம்முயற்சியில் சென்னையின் மெடிஸ்கேன் நிறுவனமும் சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மருத்துவத் துணை நின்றன. 14 முதல் 24 வாரம் வரையிலான வளர்கரு மூளைகளிலிருந்து எடுக்கப்பட்ட 5,132 மெல்லிய சீவல்கள், ஒவ்வொரு செல்லும் தெரியும் நுணுக்கத்தோடு படமாக்கப்பட்டுள்ளன. உலகின் எந்த ஆய்வாளரும் கட்டணமின்றிக் காணும் வகையில் அவை இணையத்தில் வைக்கப்பட்டுள்ளன. தொகுப்பின் பெயர் ‘தரணி’. ஓர் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாக அமைக்கப்பட்ட பெயரே ஆயினும், நிலம் என்னும் பொருள் அதற்கு நன்கு பொருந்திவிட்டது.

அந்தப் பத்து வாரங்கள் ஏன் முதன்மையானவை? அக்காலத்தில் மூளை அறைகளின் சுவரை ஒட்டிச் செல்கள் அடர்ந்து பிறக்கும் ஒரு பகுதி செழித்திருக்கிறது. அதனை முளைத்திசு எனலாம். நரம்புச் செல்களும் கிளியா செல்களும் அங்கிருந்தே புறப்படுகின்றன. பிறப்பு மிகுந்த இடமாதலால் ஆக்சிஜன் தேவையும் மிகுதி. அதனால் விஇஜிஎஃப் மிகுதி. அதனால் புது நாளங்களும் மிகுதி. ஏறத்தாழ 24ஆம் வாரத்தில் பெருத்திருக்கும் முளைத்திசு பின்னர்ச் சுருங்கி, 34 முதல் 36 வாரத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. தாயின் வயிற்றில் 40 வாரம் இருக்கும் குழந்தை, இந்தப் பகுதியைக் கடந்த பின்னரே உலகைக் காண்கிறது.

அச்சு முந்திப் பிரிந்தால்

எல்லாக் குழந்தைகளுக்கும் அக்காலம் வாய்ப்பதில்லை. 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையுமுன் பிறந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இந்தியக் குழந்தைகள். வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. இவர்களுள் 32 வாரத்துக்கு முன் பிறப்போருக்கு முளைத்திசு இன்னும் செழித்திருக்கும்.

அங்குள்ள நாளங்களின் நிலை பச்சைமண்ணின் நிலையே. விரைந்து முளைத்தவை, எண்ணிக்கையில் மிகுந்தவை, சுவரில் மெலிந்தவை. நாளத்தை வெளியிலிருந்து தழுவி நிற்கும் பெரிசைட்டுச் செல்கள் மூளையின் பிற பகுதிகளைவிட அங்கே குறைவு. விண்மீன் செல்களின் பாதங்கள் நாளத்தை இன்னும் முழுமையாகப் போர்த்தவில்லை. போர்த்திய பாதங்களிலும் உறுதியளிக்கும் இழைப்புரதம் போதிய அளவில் இல்லை. கருப்பைக்குள் சீராக இருந்த குருதியழுத்தம் பிறந்தவுடன் ஏறியும் இறங்கியும் அலைபாய்கிறது. நிறைமாதக் குழந்தையின் மூளை அவ்வலைச்சலைத் தாங்கிக்கொள்ளும். குறைமாதக் குழந்தையின் மூளைக்கு அவ்வாற்றல் முழுமையாக வந்திராது. நாளம் வெடித்து முளைத்திசுவில் குருதி கசிகிறது. மிகுந்தால் மூளை அறைக்குள்ளும் பாய்கிறது.

பெரும்பாலான கசிவுகள் பிறந்த முதல் மூன்று நாளுக்குள் நேர்கின்றன. சிறு கசிவாயின் தானே கரைந்துவிடும். பெருங்கசிவு மூளை நீர் வடியும் வழியை அடைத்துத் தலையைப் பெருக்கச் செய்யலாம். பெருமூளை வாதத்துக்கும் காரணமாகலாம். குழந்தையின் தலையுச்சியில் எலும்பு மூடாத உச்சிக்குழியின் மேல் மீயொலிக் கருவியை வைத்து, தொட்டிலைவிட்டு நகர்த்தாமலேயே மருத்துவர் இதனைக் கண்டறிகின்றனர். எண்ணெய் வைத்துக் காக்க வேண்டிய மென்மையான இடம் என்று பாட்டிமார் காட்டிய அதே குழி, மூளையைக் காணும் பலகணியாகவும் பயன்படுகிறது.

கசிந்த பின் செய்யக்கூடியது சிறிதே. கசியாமல் தடுக்கும் வழியொன்று, நாளங்களைப் பற்றிய எண்ணமே இன்றித் தற்செயலாகக் கிடைத்தது. குறைமாதக் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்வதற்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி இடும் முறையை நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி ஆகியோர் 1972இல் வெளியிட்டனர். அவ்வூசி மூளைக் குருதிக்கசிவையும் குறைப்பது பின்னர்த் தெளிவாயிற்று. முயல்குட்டிகளிலும் மனித மூளைத்திசுவிலும் நடந்த ஆய்வுகள் அதன் காரணத்தைக் காட்டின. ஸ்டீராய்டு விஇஜிஎஃப் அளவைத் தாழ்த்துகிறது. முளைத்திசுவில் மிதமிஞ்சிய புதுநாளங்கள் குறைகின்றன. எஞ்சியவற்றைப் பெரிசைட்டுகள் நெருங்கித் தழுவுகின்றன. கிளியா செல்களும் அவற்றின் துணைவர்களும் வாரக்கணக்கில் செய்யவேண்டிய பணியின் ஒரு பகுதி, ஓரிரு நாளில் விரைந்து நடைபெறுகிறது.

முழுப்பயன் கிடைக்க, பிறப்புக்கு முன் ஏறத்தாழ ஒரு நாள் இடைவெளியாவது வேண்டும். இந்தியாவில் டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான மருந்தே இதற்குப் பயன்படுகிறது. 12 மணி நேர இடைவெளியில் நான்கு ஊசிகள். காலத்துக்கு முன் வலி கண்ட தாய் சிற்றூரிலிருந்து விருத்தாசலத்துக்கும், தேவைப்பட்டால் அங்கிருந்து கடலூருக்கோ புதுச்சேரிக்கோ செல்லவேண்டியிருக்கலாம். ஊர்தியில் கழியும் நேரமும் அந்த ஒரு நாள் கணக்கில் சேர்ந்ததே. 2014இல் இந்திய அரசு வெளியிட்ட நெறிமுறை இதனைக் கருத்தில் கொண்டது. 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்ட தாய்க்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன்பே முதல் ஊசியை இட, துணைச் செவிலியருக்கு அது ஒப்புதல் அளித்தது. ஊர்தி புறப்படும்போதே மருந்து தாயின் குருதியில் கலந்து, தொப்புள்கொடி வழியே குழந்தையின் மூளை நாளங்களை நோக்கிச் செல்லத் தொடங்கிவிடுகிறது.